பெட்டி மூடிய வெள்ளிக்கிழமை

திண்டிவனம் மாதா கோயில் பாட்டுக்குழுவின் சங்கீதப் பூர்வீகத்தைக் கிளறினால் சிரிப்புத்தான் வரும். அடிக்குரல் பாடியவர் ரயிலடியில் கைகாட்டி இறக்குகிறவர். மேல்குரலுக்கு நின்ற இரண்டு பேர் மல்லாட்டை மில்லில் வேர்க்கடலை மூட்டை தைக்கிறவர்கள். அவர்கள் இருமினால் தூசி பறக்கும். சாயங்காலம் கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, வெள்ளை வேட்டிக்கு மாறி, பள்ளிக்கூடத்து ஹாலில் வந்து வரிசையாக நின்றுவிட்டால் அவர்கள்தான் பாடகர்கள். சுருதி எது என்று கேட்டால் ஆர்மோனியப் பெட்டியைக் கைகாட்டுவார்கள்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ராயப்பன். மில்லில் தராசு பிடிக்கிற வேலை. அதற்கு முன்னால் நாடகக் கம்பெனி ஒன்றில் வருஷக்கணக்காகப் பெட்டி வாசித்தவர். கம்பெனி பண்ருட்டியில் கலைந்தபோது யாரையும் கேட்காமல் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டார். இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. மாதா பாட்டின் இரண்டு அடிகளுக்கு நடுவே அவர் விரல்கள் தம்மையறியாமல் ஓர் ஓட்டம் ஓடும். ராணி வேஷக்காரன் படுதாவை விலக்கிக்கொண்டு வரப்போகிறான் என்று தோன்றும். பங்குச் சாமியார் முறைப்பார். "கை பழகிப் போச்சி சாமி, பாவத்துல சேத்துக்காதீங்க" என்று ராயப்பன் பல்லைக் காட்டுவார்.

குழுவை நடத்திய மாசிலாமணி வாத்தியாரின் பூர்வீகம்தான் பெரிசு. புதுச்சேரியில் வெள்ளைக்காரச் சாமியாரின் ஆர்கனோடு நான்கு வருஷம் இருந்தவர் என்று ஊரெல்லாம் பேச்சு. அது பொய்யில்லை. போர்டிங்கில் தங்கிப் படித்த காலத்தில், கோயில் மாடியில் ஆர்கனுக்குத் துருத்தி மிதிக்கிற வேலை அவருடையது. சாமியார் முன்பக்கம் உட்கார்ந்து வாசிப்பார். மாசிலாமணி பின்பக்கத்து இருட்டில் நின்று காற்றடிப்பார். கட்டையில் விரல் வைத்தது ஒருநாளும் கிடையாது. 'ஆர்கனோடு இருந்தேன்' என்று முதல்முறை அவர் சொன்னபோது, கேட்டவரே 'ஓகோ, அங்கதான் கத்துக்கினீங்களா' என்று மிச்சத்தை முடித்துக்கொண்டார். வாத்தியார் அதை மறுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

அவருக்குச் சங்கீதம் வந்த வழியே வேறு. ஒலக்கூருக்கு அந்தப்பக்கம் ஒரு சேரியில் அவருடைய அம்மா சவுரியம்மாள் இருந்தாள். களையெடுப்பாள், மல்லாட்டை பிடுங்கப் போவாள். ஆனால் சுற்றுவட்டாரம் அவளை அறிந்தது ஒப்பாரிக்கு. பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் அவளுக்கு ஆள் வரும். வாசலுக்கு வெளியே பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து அவள் எடுத்துக் கொடுப்பாள். மற்றப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக இருந்து வாங்கிப் பாடுவார்கள். கூலி கேப்பையாகவோ நெல்லாகவோ முறத்தில் வரும். போர்டிங்குக்குப் போகிறவரை மாசிலாமணி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பந்தல்களில் வளர்ந்தவர். குரலை எங்கே எடுக்க வேண்டும், எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்தினால் கேட்கிறவர் மனசு தாங்காது என்பதெல்லாம் அங்கே வந்ததுதான்.

கூலிக்கு அழ வருகிற மற்றவர்கள் கண்ணில் எச்சிலைத் தொட்டுக்கொள்வார்கள். சவுரியம்மாளுக்கு நிஜமாகவே கண்ணீர் வழியும். அதன் காரணம் மாசிலாமணிக்குத் தெரியும். அவருக்கு அம்மணி என்று ஒரு தங்கை இருந்தாள். பேதி கண்ட வருஷத்தில், கூழ் கூழ் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், கூழ் காய்ச்சி இறக்குவதற்குள் போய்விட்டாள். அன்றைக்குச் சவுரியம்மாள் எடுத்த மெட்டைத்தான் பிறகு எல்லாச் சாவு வீட்டிலும் முதலில் எடுப்பாள். செத்தவர் யாராக இருந்தாலும் அவள் அம்மணிக்குத்தான் அழுதாள்.

திண்டிவனத்துக்கு வேலைக்கு வந்ததிலிருந்து வாத்தியார் இதில் ஒரு வார்த்தையும் மனைவியைத் தாண்டி வெளியே விட்டதில்லை. சொந்தக்காரர்கள் புதுச்சேரிப் பக்கம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி வைத்திருந்தார். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு ஏதோ வேலை என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். 'உன் வூட்டுக்கு வர்றேன்' என்று அவளும் கேட்டதில்லை. அவள் கேட்காதது அவருக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியை நினைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

முப்பத்தெட்டாம் வருஷத் தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், பெரிய வெள்ளிக்கிழமைச் சுற்றுப்பிரகாரத்துக்குப் புதுப்பாட்டு ஒன்று வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டார். மரித்த ஆண்டவரை மடியில் போட்டுக்கொண்டு மாதா அழுவதாக வாத்தியார் எழுதினார். வார்த்தைகள் வந்துவிட்டன, மெட்டு வரவில்லை. நாலைந்து மெட்டுப் போட்டுப் பார்த்தார். எல்லாம் கல்யாணப் பாட்டாகவே வந்து நின்றது. ஒரு மத்தியானம் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது, மாதாவின் வார்த்தைகள் தாமாகவே போய் அம்மணியின் மெட்டில் உட்கார்ந்துவிட்டன. பிறகு அவற்றை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. கிளப்ப அவரும் பெரிதாக முயலவில்லை.

முதல் நாள் பாடிக் காட்டியபோது ராயப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது எந்த ஊரு மெட்டு வாத்தியாரே?"

"புதுச்சேரியில அந்தச் சாமியாரு வாசிப்பாரு ராயப்பண்ணே. பிரெஞ்சு மெட்டு."

"பிரெஞ்சுக்காரன் இப்படியா அழுவான்?"

"அழுவாம இன்னா? அவனுக்கும் தாயி தகப்பன் இல்லியா?"

"அதுவும் சரிதான்" என்று ராயப்பன் துருத்தியை அமுக்கினார். பெட்டியின் சத்தம் சேர்ந்ததும் மெட்டுக்கு ஒரு சட்டை போட்டாற்போல ஆகிவிட்டது. நாலு பேர் மதிக்கிற கோயில் பாட்டாக எழுந்து நின்றது. வாத்தியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒருநாள் ஒத்திகை நடுவில் பெட்டியின் துருத்தித் தோல் கிழிந்துபோனது. ராயப்பன் கையை எடுத்துவிட்டார்; பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தவில்லை. வெறும் குரலில் இரண்டு அடி போயிற்று. வாத்தியாருக்கு ஹாலுக்குள் யாரோ பாடை கட்டுகிற மாதிரி இருந்தது. மேசையை ஓங்கித் தட்டி நிறுத்தினார்.

"போதும், போதும். பெட்டி இல்லாம பாடினா சுருதி போயிடும்."

"பெரிய வெள்ளிக்கு எப்படியும் பெட்டி கெடையாது வாத்தியாரே" என்றார் ராயப்பன், தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டே. "பெரிய வியாழன் பூசையோட பெட்டிய மூடிடணும். சனிக்கெழம மணி அடிச்சாத்தான் தொறக்கலாம். வெறுங்கொரலு ஒருதரம் பழகிக்கினா நல்லதில்ல?"

"அதெல்லாம் அன்னிக்கு வந்துடும்."

அவர் பழக்கவில்லை. கடைசி ஒத்திகைவரை பெட்டியோடுதான் நடந்தது. பெட்டியில்லாமல் அந்தப் பாட்டைக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னால் பங்குச் சாமியார் காய்ச்சலில் படுத்தார். அவருக்குப் பதிலாக விழுப்புரத்திலிருந்து ஒரு சாமியார் பரிசுத்த வாரத்தை நடத்த வந்தார். பாட்டில் ஆசையுள்ளவர். ஒத்திகையில் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, வாத்தியாரைத் தனியே கூப்பிட்டார்.

"எங்க விழுப்புரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வாத்தியார் தேடிக்கொண்டிருக்கிறேன். ரயில்வே ஜனம் நிறைய. நல்ல குரல்கள் இருக்கின்றன. நடத்தத்தான் ஆளில்லை. புதுச்சேரியில் படித்தவர் என்றார்கள். வெள்ளிக்கிழமை பாட்டு எப்படி அமைகிறதென்று பார்த்துவிட்டுப் பேசுவோம்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி இருதயமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் விழுப்புரத்துப் பெண். அப்பா என்ஜின் ஷெட்டில் பிட்டர். கல்யாணமாகி வந்ததிலிருந்து திண்டிவனத்துத் தண்ணீர் சரியில்லை, காய் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பை முனகாமல் வைத்தாள்.

"எங்கப்பா கேட்டா ஆடிப்போயிடுவாரு. ரயிலு வூதறது எங்கம்மா வூட்டு வாசல்ல கேக்கும், தெரியுமா? அங்கயே ஒரு வூடு பாத்துக்கலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என்னாங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. சாமியாருக்கு ஒடம்பு சரியில்லன்னு இந்த வருஷம் கிராமத்துக் கோயிலுங்களுக்கு யாரும் போவலியாமே. அத்தினி ஊரு ஜனத்தையும் வெள்ளிக்கெழம இங்க வரச் சொல்லிட்டாங்களாம்."

"தெரியும்."

"அத்தையும் வருவாங்க."

வாத்தியார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"வர வேணாம்னு நீங்களே போயி ஒரு வார்த்த சொல்லிட்டா நல்லது. கெட்ட எண்ணத்துல சொல்லல. வெயில்ல நிக்கணும், கூட்டம்... வயசானவங்க."

"பெத்தவள கோயிலுக்கு வராதன்னு நானா போயி சொல்றது?"

"அப்ப கூட்டிக்கினு வந்து முன்னால நிக்க வெச்சி, இவங்கதான் எங்கம்மான்னு சொல்லுங்க. நானா வேணாங்கறேன்?"

இரண்டில் எதையும் அவர் செய்யவில்லை. கூட்டத்தில் எங்கேயாவது ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

பெரிய வெள்ளிக்கிழமை சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. ஒலக்கூர்ப் பக்கத்து ஜனங்கள் விடிவதற்கு முன்பே கிளம்பி நடந்து வந்திருந்தார்கள். கோயில் வாசலில் அண்டாவில் உப்புக்கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். குடித்துவிட்டு, சேரிப் பெண்களெல்லாம் சுற்றுச்சுவர் மூலையில் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். கோயிலுக்குள்ளே அவர்களுக்கென்று ஒதுக்கிய பக்கம் அன்றைய கூட்டத்துக்குப் போதவில்லை. மணி அடிக்கக் கூடாத நாள். மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு ஒருவன் சுற்றி வந்தான். ராயப்பனின் பெட்டி கறுப்புத் துணியால் மூடி மூலையில் கிடந்தது. வேலையில்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ராயப்பன் அவற்றைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெயில் தாழ்ந்ததும் சுற்றுப்பிரகாரம் கிளம்பியது. ஆண்டவருடைய சொரூபத்தைப் பாடைபோல ஜோடித்த தூம்பாவில் கிடத்தி எட்டுப்பேர் தூக்கினார்கள். முன்னால் பாட்டுக்குழு, பின்னால் கறுப்பு அங்கியில் விழுப்புரத்துச் சாமியார். மூலைக்கு மூலை தூம்பாவை இறக்கி வைத்து ஒரு சரணம் பாட வேண்டும் என்பது வழக்கம். முதல் மூலையில் ஊர்ப் பெரியவர்கள் நின்றார்கள். கேட்டுவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டாவது மூலையில் சாமியாரே மூக்கை உறிஞ்சியது வாத்தியார் காதில் விழுந்தது. விழுப்புரம் நிச்சயம் என்று அவர் மனசு சொல்லிற்று.

மூன்றாவது மூலை வேப்பமரம். தூம்பாவை இறக்கினார்கள். தரையில் வைத்த பாடை, சுற்றிலும் உட்கார்ந்த பெண்கள், பெட்டியில்லாத வெறும் குரல். வாத்தியார் எடுத்தார், குழு வாங்கிக்கொண்டது. சரணம் முடிந்து எல்லாரும் மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய அந்த இடைவெளியில், மரத்தடியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"சட்டி கழுவுமுன்னே கூழு கேட்ட கண்ணம்மா
வட்டிலிலே ஊத்தி வெச்சேன் வாய் தொறக்க மாட்டியோ..."

ஒப்பாரியில் ஒருத்தி நிறுத்திய இடத்தில் இன்னொருத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். சும்மா விட்டால் செத்தவருக்கு மரியாதையில்லை. சவுரியம்மாள் யோசித்துச் செய்யவில்லை. அவளுடைய மெட்டு எதிரில் வந்து நின்று கூப்பிட்டது, அவள் பதில் கொடுத்தாள். ஒலக்கூர்ப் பெண்களுக்கும் அது பழகிய மெட்டுதான். பக்கத்திலிருந்தவள் அவள் தோளைக் கட்டினாள். அவளை அடுத்தவள் கட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் மரத்தடியில் ஒரு வட்டம் கூடி, மாரில் அடித்துக்கொண்டு அழுதது. தூம்பா தூக்குகிறவர்கள் திகைத்து நின்றார்கள்.

சவுரியம்மாள் தலை நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தாள். நீயா எடுத்தாய், அம்மணியை நீயும் மறக்கவில்லையா என்று கேட்கிற பார்வை. கண்ணீர் வழிய, முகமெல்லாம் பூரித்திருந்தது. அந்த முகத்தை அவர் பார்த்தார். உடனே கையிலிருந்த பாட்டுத்தாளைப் பார்த்தார்.

சாமியார் கையை உயர்த்தினார். அழுகை அடங்கியது.

"யார் அந்த அம்மாள்? உங்களையே பார்க்கிறாளே, தெரிந்தவளா?"

இருதயமேரி பெண்கள் வரிசையில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். குழு முழுக்க வாத்தியாரைப் பார்த்தது.

"தெரியாதுங்க சாமி" என்றார் மாசிலாமணி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒலக்கூரு பக்கத்து ஜனம். சாவு வூட்ல கூலிக்கு மாரடிக்கறவங்க. எங்க அழுவறது, எங்க அழுவக்கூடாதுன்னு தெரியாது."

"இல்லை, உங்கள் மெட்டை என்னமாய் உடனே பிடித்துக்கொண்டாள், பாருங்கள்!" என்றார் சாமியார். பிறகு மரத்தடிப் பக்கம் திரும்பினார். "ஏன் அம்மா, வாத்தியார் உனக்கு உறவா?"

சவுரியம்மாள் எழுந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சாமியாரின் கால் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இல்லீங்க சாமி. அவரு யாரோ, நான் யாரோ. நல்லா பாடனாரேன்னு பாத்தேன். தெரியாம நடுவுல பூந்துட்டேன், மன்னிச்சிக்கங்க."

மரக்கட்டையைத் தட்டினார்கள். தூம்பாவைத் தூக்கினார்கள். நான்காவது மூலையில் வாத்தியாருக்குக் குரல் எழும்பவில்லை. அடிக்குரல்காரரே எடுத்துச் சமாளித்தார். வாத்தியாருக்கு அழுகையில் தொண்டை கட்டிவிட்டது, எவ்வளவு பக்தி, என்று ஊர் பேசிக்கொண்டது. அதைக் கேட்கக் கேட்க அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் இருதயமேரி விளக்கேற்றினாள். கஞ்சியை வைத்தாள். அவர் தொடவில்லை.

"துன்னுங்க. காலைலருந்து வெறும் வயிறு."

"எறங்கல."

"எனுக்கு மட்டும் எறங்குதா? அவங்க கஞ்சி குடிச்சாங்களோ இல்லியோ. திரும்ப நடந்தே போயிருப்பாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "வர வேணாம்னு சொன்னது நான்தான். ஆனா தெரியாதுன்னு சொல்லச் சொல்லி நான் சொல்லல."

"நீயும் தானே முக்காடு போட்டுக்கின?"

"ஆமா, போட்டுக்கினேன். சாமியாரு அப்படி கேட்டப்ப வேற இன்னா பண்ணச் சொல்றீங்க? ஓடியாந்து அத்தன்னு கட்டிக்கறதா? உங்க மானம் போயிடாதா?" சற்றுப் பொறுத்து, "கூலிக்கு மாரடிக்கறவங்கன்னு சொன்னீங்களே, அது இன்னாத்துக்கு? தெரியாதுன்னு மட்டும் சொல்லிட்டு வுட்ருக்கலாமில்ல?" என்றாள்.

அவரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய மெட்டை எடுத்துக்கொண்டு, அதற்கான புகழையும் வாங்கிக்கொண்டு, அவளையே கூலிக்காரி என்று சொன்ன வாயில் கஞ்சி எப்படி இறங்கும்?

சனிக்கிழமை காலையில் கோயில் மணி மறுபடி அடித்தது. ராயப்பன் கறுப்புத் துணியை உருவிப் போட்டுவிட்டுப் பெட்டியை வெளுத்து வாங்கினார். 'உன்னதங்களிலே' பாட்டுக்கு நடுவே நாடகத்து ராணிகள் இரண்டு பேர் வந்து போனார்கள். பூசை முடிந்ததும் வாத்தியாரிடம் வந்தார்.

"வாத்தியாரே, நான் கம்பெனில இருந்தப்ப எல்லா ஊரு சாவுமேளமும் கேட்டவன். பெட்டி மூடினதும் எனுக்குப் புரிஞ்சி போச்சி. யாரு கையிலயும் சொல்ல மாட்டேன்."

"இன்னா புரிஞ்சிச்சி?"

"வுடுங்க" என்று ராயப்பன் அவர் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார். சொல்ல மாட்டேன் என்ற அந்த வார்த்தை, ஊர்முழுக்கச் சொன்னதைவிட மோசமாக இருந்தது.

பண்டிகைக்கு முன்னால், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருக்க முடியாது. பின்நேரம் கோயிலில் கூட்டம் நெருக்கியது. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு நடுவில் விழுப்புரத்துச் சாமியார். ஒருபக்கக் கிராதியில் ஆண்கள், மறுபக்கக் கிராதியில் பெண்கள். ஒருபக்கம் கேட்டு முடித்துச் சின்னக் கதவைச் சாத்திவிட்டு மறுபக்கம் திறப்பார். வாத்தியார் தன் முறை வந்ததும் முழங்காலிட்டார். அவர் பக்கத்துக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

மற்றவர் பாவத்தைக் காதால் வாங்கக்கூடாது. அவர் காதைப் பொத்திக்கொள்ளத்தான் கையைத் தூக்கினார். ஆனால் குரல் தெரிந்துவிட்டது. வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. ஏறி இறங்குகிற அந்தக் குரல் மட்டும் மரப்பலகை வழியாக வந்தது. நேற்று அவ்வளவு தூரம் நடந்து போனவள் இன்றைக்கு மறுபடி நடந்து வந்திருக்கிறாள். பெரிய வெள்ளிக்கிழமை, ஆண்டவருடைய தூம்பாவுக்கு முன்னால், சாமியாரிடம் பொய் சொல்லிவிட்டேன் என்பதைத் தவிர அவளுக்கு இவ்வளவு அவசரமாகச் சொல்ல வேறு என்ன பாவம் இருக்கிறது?

அவர் பக்கத்துக் கதவு திறந்தது. சாமியாரின் காது கிராதிக்கு மறுபுறம் வந்து நின்றது. சிலுவை போட்டுக்கொண்டு வாத்தியார் வழக்கமான பாவங்களை ஒப்பித்தார். கோபப்பட்டது, பிள்ளைகளை அடித்தது, செபத்தில் பராக்கு. பிறகு நின்றார்.

"இன்னும் ஏதாவது உண்டா?" என்றார் சாமியார்.

"ஒரு பொய் சொன்னேன் சாமி."

"எப்படிப்பட்ட பொய்?"

இப்போது சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது. விழுப்புரத்துப் பள்ளிக்கூடமும், ரயில் ஊதுகிற வாசலும், இருதயமேரி கத்தரிக்காய்க் குழம்பு வைத்த முகமும் கூடவே வந்தன.

"சின்னப் பொய்தான் சாமி."

கிராதிக்கு அந்தப்புறம் சாமியாரின் காது விலகி, முகம் இந்தப் பக்கம் திரும்பியது. பிறகு ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"சின்னதா?"

"ஆமா சாமி."

சாமியார் பெருமூச்சு விட்டார். அபராதமாக மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். ஆசீர்வதித்துக் கதவைச் சாத்தினார்.

வாத்தியார் எழுந்து வந்தார். மூன்று மந்திரம் சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆண்கள் பக்கத்துத் தூண் ஓரத்தில் முழங்காலிட்டு, எதிரே பார்த்தார். பெண்கள் பக்கத்தில், சேரி ஜனங்களுக்கு ஒதுக்கிய மூலையில், பாய் இல்லாத வெறுந்தரையில் சவுரியம்மாள் முழங்காலில் நின்றாள். கையில் முழுச் செபமாலை. வெயிலில் நடந்த கால்கள் புழுதி படிந்து வெடித்திருந்தன. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. ஒவ்வொரு மணியாக, உதடு அசைய, நிதானமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவருடைய பொய்க்கு மூன்று மந்திரம். அதே பொய்க்கு அவளுக்கு, மணிக்கு ஒரு மந்திரமாக, ஐம்பத்துமூன்று மணி. அவள் அந்தப் பொய்யைச் சின்னதாக்காமல், உள்ள அளவுக்குச் சொல்லியிருக்கிறாள்.

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஓடிப்போய்விடலாம் என்று எழுந்தார். கால்கள் வாசல் பக்கம் போகவில்லை. நடுப்பாதையைக் கடந்து, பெண்கள் வரிசையைத் தாண்டி, அந்த மூலைக்குப் போய், அவள் பக்கத்தில் முழங்காலிட்டார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆண்பிள்ளை அந்தப் பக்கம் போய் யாரும் பார்த்ததில்லை.

சவுரியம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அந்தாண்ட போ நைனா. யார்னா பாக்கப் போறாங்க."

"பாக்கட்டும்."

"சொன்னா கேளு. இப்பத்தான் சாமிகிட்ட சொல்லிட்டு வந்தேன். உனுக்கு விழுப்புரத்துல வேல பேசறாங்கன்னு நேத்து கஞ்சி ஊத்தற எடத்துல சொன்னாங்க, அது கெடைக்கட்டும்னும் வேண்டிக்கினேன். போ, ஜல்தி போ."

"யம்மா, அந்த மெட்ட நான் ஒன்னக் கேக்காம எடுத்துட்டேன்."

"அது போவட்டும். ஆண்டவருக்குத்தான குடுத்த. இனிமே சாவு வூட்டுக்கு அத எடுத்துக்கினு போவ முடியாது, அவ்ளோதான். கோயில் பாட்ட கூலிக்குப் பாடினா தப்பில்ல?"

அம்மணிக்கு அழ அவளுக்கு இருந்த ஒரே இடத்தையும் அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அதை அவள் குறையாகக்கூடச் சொல்லவில்லை. தொண்டையிலிருந்து ஒரு கேவல் வெளியே வந்தது. தொட்டியின் கதவு திறந்தது. சாமியார் வெளியே வந்து, ஊதா நிறக் கழுத்துப்பட்டையோடு அந்த மூலையைப் பார்த்தபடி நின்றார். பெட்டியண்டை ராயப்பனும், வரிசையில் நின்ற மில் ஆட்களும், முக்காட்டுக்குள்ளிருந்து இருதயமேரியும் பார்த்தார்கள்.

"என்ன வாத்தியாரே, அங்கே என்ன?" என்றார் சாமியார். தொட்டிக்குள் கேட்டதைச் சாமியார் வெளியே காட்டக்கூடாது; தெரிந்ததையெல்லாம் தெரியாததாக வைத்துக்கொண்டு அவர் கேட்க வேண்டியிருந்தது.

"எங்கம்மா சாமி" என்றார் மாசிலாமணி. குரல் உடைந்து கோணலாக வந்தது. ஆனாலும் கோயில் கோடிவரைக்கும் கேட்டது. "பெத்தவ. ஒலக்கூரு. அந்த மெட்டு இவளுது. எனுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்ததும் இவதான்."

சாமியார் தாயையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். விழுப்புரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருக்கிறதா போயிற்றா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. "செபத்தை முடியுங்கள்" என்றுவிட்டுத் திரும்பவும் தொட்டிக்குள் போனார்.

சவுரியம்மாள் செபமாலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். முகம் சுளித்தது.

"எத்தினியாவது மணின்னு மறந்து போச்சி. உன்னாலதான். இப்ப மொதல்லருந்து சொல்லணும்."

"சொல்லு" என்றார் மகன். "நீ எடு, நான் வாங்கிக்கறேன்."

அவள் மாலையின் சிலுவையில் ஆரம்பித்தாள்.